மயிலின் கண்ணாகிப் போன மச்சம்

பட்டப்பகல். காலை பத்து மணி. தூத்துக்குடித் துறைமுகப் பாலத்தில் நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு பெண்ணின் இடது கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருவர் பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி. இன்னொருவர் துறைமுக டாக்டர். மூன்றாவது ஆசாமி நான். கையை நீட்டிக்கொண்டு நின்றவள் பேச்சியம்மாள், எங்கள் தெருப் பெண். கொழும்பில் மளிகைக் கடை வைத்திருக்கும் கணவனிடம் போய்ச் சேருவதற்காக டிரங்குப் பெட்டியோடு வந்தவள். கப்பல் ஐந்தாறு மைல் தள்ளி நடுக்கடலில் நிற்கிறது. அதற்குப் போகிற லாஞ்சு பாலத்தில் கட்டிக் கிடக்கிறது. அரை மணியில் புறப்பட்டுவிடும்.

நாங்கள் தேடியது ஒரு மச்சம். கிடைத்தது ஒரு மயில்!

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்போதே எழுதியிருப்பேன்... ஆனால் அன்று இருந்த கோபத்தில் எழுதியிருந்தால் பத்திரிகை தாங்காது. போன வியாழக்கிழமைதான் விவகாரம் ஒரு முடிவுக்கு வந்தது. இதற்குள் நம் வாசகர்களில் இரண்டு பேர், முதல் முதலாகப் பச்சை குத்திக்கொள்ளப் போவதாகவும், எந்த உருவம் நன்றாக இருக்கும் என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். என்னைப் போய்!

உருவம் கிடக்கட்டும், சுவாமி. அது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன.

யார் குத்துகிறார்கள்? எந்த ஊசியால்? உங்களுக்கு முன்னால் அந்த ஊசி எத்தனை பேர் உடம்பில் ஏறி இறங்கியது? ஆளுக்கு ஆள் அதைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுக்கிறார்களா, முந்தானையில் துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்களா? குத்தின இடம் ஆற இரண்டு வாரமாவது ஆகும். அந்த இரண்டு வாரம் நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்? உப்பளத்து வேலைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குத்திக்கொண்டு திங்கட்கிழமை பாத்தியில் இறங்கினார். அவர் போட்ட சத்தம் ரெயிலடி வரைக்கும் கேட்டது.

பெயர் குத்திக்கொள்ளப் போகிறீர்களா? யார் பெயர்? அந்தப் பெயருக்கு உரியவர் இதற்குச் சம்மதித்தாரா? எங்கள் ஆபீசில் ஒரு பியூன் இருந்தார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பித்தானைக் கழற்றவே மாட்டார். கல்யாணத்துக்கு முந்தி எழுதிக்கொண்ட ஒரு பெயர் உள்ளே இருந்தது என்பது, அவர் ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோதுதான் தெரிய வந்தது. தூக்கிவிட ஓடி வந்தவள் அவர் சம்சாரம். அவள் பெயர் வேறு.

ஆனால் பேச்சியம்மாளுக்கு நேர்ந்தது இந்தக் கணக்கில் எதிலும் சேராது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் விண்ணப்பப் பாரங்களோடு குடும்பம் நடத்திவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்கும், யார் கையெழுத்தில் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். ஆகவே தெருவில் யாருக்குக் கொழும்புப் பிரயாணம் என்றாலும் என் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். முன்பெல்லாம் அக்கரைக்குப் போவது பக்கத்து ஊருக்குப் போவது மாதிரி. இப்போது பாஸ்போர்ட், விசா, அம்மை குத்திய சர்ட்டிபிகேட் என்று ஒரு கட்டு. ஆகவே என் வியாபாரம் – சம்பளமில்லாத வியாபாரம் – அமோகம்.

பேச்சிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தது ஏழே மாதம். கணவன் முத்தையா கடைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து, அடுப்பு வாங்கி வைத்து, விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டான். அந்த விசாவுக்கு ஒரு கெடு. இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் போய்ச் சேருவதற்குள் கெடு தீர்ந்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். பேச்சியின் மாமியார் இசக்கியம்மாளுக்கும் தெரியும். படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லியிருந்தேன். “அம்மா, இப்போ தங்கம் கொண்டுபோக ரூல் இருக்கு. தாலி, தோடு, மூக்குத்தி போதும். வளையல், காப்பு எல்லாத்தையும் கழற்றி வீட்டிலே வையுங்கள். கஸ்டம்ஸ்காரன் கழற்றச் சொல்லி அவள் அழுவதைவிட இது மேல்.”

நல்ல புத்திமதிதானே? இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்றமாட்டேன். ஆனால் அது போய் நின்ற இடத்தைப் பாருங்கள்!

கப்பலுக்கு மூன்று நாள் முன்னால் மாமியாரும் மருமகளும் திருச்செந்தூர் போனார்கள். பிரயாணத்துக்கு முன்னால் முருகனைப் பார்ப்பது நியாயம். திரும்பி வந்ததும் நான் போய்க் காகிதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது. பேச்சியின் இடது கையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. வேண்டுதல் காப்பு என்று நினைத்தேன். காகிதத்தைச் சரிபார்த்தேனே தவிர, ஆளைச் சரிபார்க்கவில்லை.

பாலத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பிரித்தார். இளைஞர். புதிதாக வந்தவர். மரியாதையானவர். மரியாதையானவர்களிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

“இது நீங்கதானா அம்மா?” என்று படத்தைக் காட்டினார்.

கேள்வியில் தப்பில்லை. படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் நல்ல மனசுக்காரர். பேச்சியின் கறுப்பைக் குறைத்து, கன்னத்தைக் கூட்டி, புருவத்தை வளைத்து, எங்கேயோ ஒரு ஜமீன் வீட்டுப் பெண்ணைத் தயார் செய்திருந்தார்.

“நான்தாங்க. பவுடர் போட்டிருக்கு” என்றாள் பேச்சி.

வழியனுப்ப வந்த இசக்கியம்மாள் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்: “ஏளா, படத்துல இருக்குத மாதிரி கொஞ்சம் மூஞ்சிய வையேன்!”

வைத்தாள். இன்னும் மோசமாகிவிட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டில் இன்னொரு பெண் ஏறிப் போய்விட்டதாக அந்த வாரம் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பி, அங்க அடையாளம் என்ற இடத்தைப் படித்தார். “இடது முன்கையில் ஒரு மச்சம். இடது முன்கையில் ஒரு தீத்தழும்பு. கொஞ்சம் கையைக் காட்டுங்கம்மா.”

பேச்சி துணியை அவிழ்த்தாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மயில்! கொண்டை, கழுத்து, தோகை, காலடியில் ஒரு கொடி. குத்தி மூன்று நாள். கை பூராவும் வீங்கி, தோல் பொருக்குத் தட்டி, மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசிப் பளபளவென்று இருந்தது. மச்சம் எங்கே? தழும்பு எங்கே? தோகையில் மட்டும் நூறு புள்ளி. இதில் எது ஆண்டவன் வைத்த புள்ளி, எது ஊசி வைத்த புள்ளி?

“பேச்சி... என்னம்மா இது?”

“மயிலு, பெரியப்பா” என்றாள். அதுதான் தெரிகிறதே!

டாக்டர் எனக்குப் பழைய சிநேகிதர். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். “என்னவே இது, கையா, கோயில் தூணா?” என்று என்னைக் கேட்டார். நானா குத்தினேன்?

அதற்குள் இசக்கியம்மாள் கம்பியைச் சுற்றி வந்துவிட்டாள். அவளுக்கு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. மயிலைப் பார்த்து இவ்வளவு பேர் அதிசயப்படுகிறார்கள் என்று நினைத்துப் பெருமையாகவே ஆரம்பித்தாள்.

“கோயில் வாசல்ல உக்காந்து குத்துதாளே, அவ கையி கையில்லா, அண்ணாச்சி! வெறும் தோலுல குத்தவே மாட்டா. மொதல்ல கையப் பெரட்டிப் பெரட்டிப் பாத்தா. ‘இந்த மச்சம் ஆண்டவன் போட்டு வச்ச கண்ணு, இதுக்கு மயிலுதான் போடணும்’னு சொன்னா. பணியாரச் சட்டி சுட்ட தழும்பு இருந்துச்சுல்லா, அது அசிங்கமா கெடக்கேன்னு அது மேல தோகைய இழுத்து விட்டுட்டா. இப்பப் பாருங்க, தெரியுதா?”

தெரியவில்லை, அம்மணி. அதுதான் தொல்லை.

பாஸ்போர்ட்டில் எழுதியிருந்த இரண்டு அடையாளங்களையும் தேடிப் பிடித்து, ஒன்றைக் கண்ணாகவும் ஒன்றைத் தோகையாகவும் ஆக்கிவிட்டாள் அந்தக் கைகாரி. பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது!

டாக்டர் மயிலின் கண்ணை விரலால் அழுத்தினார். பேச்சி பல்லைக் கடித்தாள். “ஏதோ தட்டுப்படுது” என்றார் டாக்டர். “ஆனா கை பூராவும்தான் தட்டுப்படுது. வீக்கம் வடியட்டும். பதினைஞ்சு நாள் கழிச்சுப் பார்த்தா நான் சொல்லிடுவேன்.”

“லாஞ்சு பதினைஞ்சு நிமிஷத்தில் போகிறதே, டாக்டர்!”

“அதுக்கு நான் என்னவே செய்ய?”

அதிகாரியிடம் திரும்பினேன். எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் இறக்கினேன். எந்த விதிக்கு எந்த விலக்கு, யாருக்குத் தன் யோசனைப்படி விட்டுக்கொடுக்கிற அதிகாரம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சார், நான் மறுக்கலை. அத்தாட்சி கொடுக்க முடியலைன்னுதான் சொல்றேன்” என்றார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நானே அதைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அத்தோடு விட்டாரா? விண்ணப்பப் பாரத்தின் அடியில் உள்ள சின்ன எழுத்துக் குறிப்பை நினைவிலிருந்து சொன்னார். “அடையாளம் இரண்டும் உடம்பின் வெவ்வேறு பாகத்தில் இருக்க வேண்டும்னு போட்டிருக்கே, சார். ரெண்டையும் ஒரே கையில் எழுதினது யார்?”

நான் கடலைப் பார்த்தேன்.

எழுதியது யார்? நான்தான்! பாரம் எழுதிய அன்றைக்குப் பேச்சி எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையில் மச்சமும் தழும்பும் தெரிந்தன. எழுதினேன். “பெரியப்பா, பின்னங்கழுத்துல ஒரு மச்சம் உண்டு” என்று அவளே சொன்னாள். கொண்டையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டு என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்ல எனக்குக் கூச்சம். “இரண்டு போதும்மா” என்று பேனாவை மூடிவிட்டேன். ஊருக்கெல்லாம் சின்ன எழுத்தைப் படித்துக் காட்டுகிறவன், அன்றைக்குப் பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது கழுத்தைக் காட்டி என்ன பயன்? காகிதத்தில் இல்லாத மச்சம் கழுத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

லாஞ்சு ஊதியது. கயிற்றை அவிழ்த்தார்கள். பேச்சியின் டிரங்குப் பெட்டியை உள்ளே ஏற்றியிருந்தார்கள். அதை மட்டும் திரும்ப இறக்கி வைத்தார்கள். அவள் அதன்மேல் உட்கார்ந்து, லாஞ்சு ஒரு புள்ளியாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கடைசியில், “பெரியப்பா, அவிய அங்கன கரையில வந்து நிப்பாவளே... தந்தி அடிக்கணும்லா? என்னன்னு அடிக்க?” என்று கேட்டாள்.

எத்தனையோ தந்திகளுக்கு வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மூன்று தந்திப் பாரத்தைக் கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இசக்கியம்மாளைக் கடிந்துகொண்டேன். கப்பலுக்கு மூன்று நாள் இருக்கையில் பச்சை குத்துவார்களா? யாரைக் கேட்டீர்கள்? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“கையில கெடந்ததயெல்லாம் கழத்தி வைக்கச் சொன்னது ஆரு? நீங்கதான? எட்டுப் பவுனு போட்டுக் கூட்டியாந்த பிள்ளைய, மொட்டக் கையோட எப்படி அண்ணாச்சி கடல் தாண்டி அனுப்புவேன்? அங்க உள்ள பொம்பளையெல்லாம் கையப் பாத்து என்ன நெனப்பாளுவ? அதான் எந்தக் கஸ்டம்ஸ்காரனும் கழத்தச் சொல்ல முடியாத நகையா ஒண்ணு போட்டுவிட்டேன். அதுவும் தப்பா?”

சொல்லுங்கள், வாசகர்களே. தப்பா?

நான் ரூலைச் சொன்னேன். அவள் ரூலை மீறவில்லை. ரூலுக்கு உள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். சர்க்காருக்கு வரி இல்லை, களவு போகாது, அடகு வைக்க முடியாது. அவள் யோசித்த வரைக்கும் சரியாகத்தான் யோசித்தாள். நான் யோசித்த வரைக்கும் நானும் சரிதான். இந்த இரண்டு சரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒருத்தி பெட்டியோடு திரும்பி வருகிறாள்!

அப்புறம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். திருத்த மனு. மனுவுக்கு ஒரு அபிடவிட். பச்சை குத்துவதற்கு முந்திய கையும் பிந்திய கையும் ஒரே கைதான் என்று மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஒரு சத்தியம். பட்டணத்து ஆபீசிலிருந்து, “மயில் என்பது நிரந்தரமானதா?” என்று கேட்டு ஒரு கடிதம். நிரந்தரமானதுதான், ஐயா, உங்கள் உத்தியோகத்தைவிட நிரந்தரமானது என்று எழுத நினைத்து, “ஆம்” என்று எழுதினேன். விசாவுக்கு மறுபடியும் முதலிலிருந்து. ஏழு வாரம்.

புதிய பாரத்தில் பின்னங்கழுத்து மச்சத்தை எழுத வேண்டி வந்தது. பேச்சி ஒரு கையால் கொண்டையை நகர்த்தினாள், “இந்தா, இங்கன” என்றாள், கொண்டையை விட்டுவிட்டாள். ஒரு விநாடி. கேட்க வெட்கப்பட்டேனே, அந்த ஒரு விநாடி!

நடுவில், நடந்ததை எழுதிப் போட்டதற்கு முத்தையாவிடமிருந்து பதில் கடிதம் வந்தது. என்னைத் திட்டியிருப்பான் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் பிரித்துப் படித்தேன். பேச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆகவே கடிதமெல்லாம் என்னிடம்தான் வரும். கப்பலைப் பற்றி ஒரு வரி இல்லை. விசாவைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘ரெம்ப வலிச்சுதா’ என்று மட்டும் மூன்று இடத்தில் எழுதியிருந்தான். மூன்று தடவையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஆகவே, பச்சை குத்திக்கொள்ள உத்தேசித்திருக்கும் அந்த இரண்டு வாசகர்களே! ஊசியைக் கேளுங்கள். ஆறுவதற்கு நாள் ஒதுக்குங்கள். பிரயாணம், கல்யாணம், வேலைக்கான டாக்டர் சோதனை இவை எதுவும் கிட்டத்தில் இல்லையே என்று பாருங்கள். மச்சத்தையும் தழும்பையும் தயவுசெய்து அவை இருக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள். குத்துகிறவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், ‘இதை மட்டும் தொடாதே’ என்று முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கார் உங்கள் முகத்தை நம்புவதில்லை. மச்சத்தைத்தான் நம்புகிறது. அந்த மச்சத்தைப் போய் ஒரு பறவைக்குக் கண்ணாகத் தானம் செய்யலாமா?

போன வியாழக்கிழமை மறுபடியும் பாலம். அதே லாஞ்சு. அதே இளைஞர். வீக்கமெல்லாம் வடிந்து, பச்சை நன்றாக இறங்கி, மயில் ஜொலித்தது. அதிகாரி புதிய பக்கத்தைப் படித்தார். கழுத்தைப் பார்த்தார், தலையாட்டினார். கையைப் பார்த்தார். வேண்டிய நேரத்துக்கு மேலேயே பார்த்தார். முத்திரை குத்தினார்.

பேச்சி லாஞ்சில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து மயிலை ஆட்டினாள். இசக்கியம்மாள் அழுதாள். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன், உப்புக் காற்று.

திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து “சார், ஒரு நிமிஷம்” என்று குரல். அதிகாரிதான். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மயில்... நல்ல வேலைப்பாடு, சார். குத்தினவளை எங்கே பார்க்கலாம்? வீட்டிலே ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். “உங்கள் சம்சாரத்துக்குப் பாஸ்போர்ட் உண்டா?” என்று கேட்டேன்.

“இல்லை, சார்.”

இடத்தைச் சொன்னேன்.